லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி: கட்டுவது முதல் புரோகிராம் அதைக் கண்டுபிடிப்பது வரை

கம்பைல் ஆகிவிட்டது, லிங்க்கும் ஆகிவிட்டது, ஒரு வார்னிங்கூட இல்லை. ஓட்டிப் பார்த்தால் 'ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. எக்சிட் கோட் 127. இத்தனைக்கும் அந்த ஃபைல் பக்கத்திலேயே கிடக்கிறது. (ஷேர்டு லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் ஓடும்போது பகிர்ந்துகொள்ளும் கோடு உள்ள .எஸ்ஓ ஃபைல்.)

இந்தக் குழப்பத்துக்கு ஒரே காரணம்தான். லைப்ரரியைத் தேடுவது ஒருவரல்ல, இருவர். புரோகிராமைக் கட்டும்போது தேடுவது லிங்கர், அதாவது எல்டி. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேடுவது லோடர், அதாவது எல்டி.எஸ்ஓ. லிங்கர் எந்த டைரக்டரியில் பார்த்தது என்பது லோடருக்குத் தெரியாது, நாம் சொன்னால் ஒழிய. லிங்கருக்குக் கொடுத்த பாதையை லோடரும் பார்க்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் பாதிச் சிக்கலுக்கு மூலம்.

இந்த வழிகாட்டி ஜிலிப்சி, அதாவது குனு திட்டத்தின் சி லைப்ரரி (லிப்சி), உள்ள லினக்ஸுக்கானது: டெபியன், உபுண்டு, ஃபெடோரா வகையறா. மற்றவை பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு. கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமாகிற இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன லைப்ரரி: யூடிஎஃப்-8 உரையில் தமிழ் எழுத்துகளை எண்ணித் தருவது. 'தமிழ்' என்ற சொல் 15 பைட்டு, 5 குறியீட்டுப் புள்ளி, ஆனால் 3 எழுத்து. ஸ்டிரிங் நீளம் பார்க்கும் சாதாரண ஃபங்ஷன் 15 என்று சொல்லும். நம் லைப்ரரி 3 என்று சொல்ல வேண்டும். கோடு எழுத்து.சி என்ற ஃபைலில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் புரோகிராம் எண்ணி.சி.

## ஆப்ஜெக்ட் ஃபைல்

ஜிசிசி -சி -எஃப்பிஐசி -ஓ2 -வால் எழுத்து.சி

இது எழுத்து.ஓ என்ற ஆப்ஜெக்ட் ஃபைலை, அதாவது இன்னும் இணைக்கப்படாத மெஷின் கோடை, தரும். எஃப் சின்ன எழுத்து, பிஐசி மூன்றும் பெரிய எழுத்து. ஓ2-இன் ஓ-வும் வாலின் முதல் எழுத்தும் பெரியவை. ஷேர்டு லைப்ரரி ஒவ்வொரு புராசஸிலும் வெவ்வேறு முகவரியில் போய் உட்காரும். கோடுக்குள் நிலையான முகவரி எழுதியிருந்தால், லோடர் ஒவ்வொரு புராசஸிலும் அந்த இடங்களைத் திருத்தியாக வேண்டும். திருத்திய நினைவகப் பக்கம் அந்தப் புராசஸுக்கு மட்டுமே சொந்தமாகிவிடும். நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆதாயம் போய்விடும். எஃப்பிஐசி போட்டால் எந்த முகவரியில் வைத்தாலும் அப்படியே ஓடும் கோடு கிடைக்கும். வெளியில் இருக்கும் டேட்டாவின் முகவரியை ஜிஓடி என்ற அட்டவணை வழியாக எடுக்கும், வெளி ஃபங்ஷனை பிஎல்டி என்ற இடைப்படிக் கோடு வழியாக அழைக்கும். கோடு பக்கங்களைத் தொட வேண்டியதில்லை.

இதே ஆப்ஷனுக்கு எல்லாம் சின்ன எழுத்தில் ஒரு தம்பி உண்டு. சில புராசசர்களில் அந்தத் தம்பி ஜிஓடி-யின் அளவுக்கு வரம்பு வைக்கும்: ஸ்பார்க்கில் 8 கேபி, 64-பிட் ஆர்மில் 28 கேபி. லைப்ரரி வளர்ந்த பிறகு ஒருநாள் அந்த வரம்பில் முட்டி நிற்பதைவிட, முதல் நாளே பெரிய எழுத்தில் போட்டுவிடுவது மேல்.

இந்த ஆப்ஷனை மறந்தால் 64-பிட் எக்ஸ்86-இல் லிங்கரே பெரும்பாலும் பிடித்துவிடும். ஆர்_எக்ஸ்86_64 என்று தொடங்கும் ஒரு ரீலொகேஷன் (முகவரித் திருத்தம்) பெயரைச் சொல்லி, எஃப்பிஐசி போட்டு மறுபடி கம்பைல் செய் என்று நிற்கும். நம் கோடில் ஆப்ஷன் சரியாக இருந்தும் இந்தப் பிழை வருகிறதா? பிழையில் எந்த ஃபைல் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக யாரோ கட்டிய ஸ்டாட்டிக் லைப்ரரி ஒன்றை, அதாவது .ஏ ஃபைலை, உள்ளே இழுத்திருப்பீர்கள். அதையும் அதே ஆப்ஷனோடு மறுபடி கட்டுவதே வழி.

## ஒரு லைப்ரரிக்கு மூன்று பெயர்

இதை நிதானமாகப் படியுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

உண்மைப் பெயர்: லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0. கோடு உள்ள நிஜ ஃபைல் இதுதான்.

சோநேம்: லிப்எழுத்து.எஸ்ஓ.1. லோடர் தேடும் பெயர். இது லைப்ரரி ஃபைலின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வெளியே அதே பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது இன்னொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குப் பெயர், இருக்கும்.

லிங்கர் பெயர்: லிப்எழுத்து.எஸ்ஓ, பின்னால் எண் இல்லை. கட்டும்போது மட்டும் தேவைப்படும் சிம்லிங்க். டெபியனில் லைப்ரரியின் பெயரோடு 'டெவ்' ஒட்டிய பேக்கேஜ் தனியாக வருவது இதற்காகவும் ஹெடர் ஃபைல்களுக்காகவும்தான். லைப்ரரி சிஸ்டத்தில் இருந்தும் லிங்கர் 'கிடைக்கவில்லை' என்று சொன்னால், முக்கால்வாசி நேரம் அந்த டெவ் பேக்கேஜைப் போடவில்லை என்று பொருள்.

இப்போது கட்டலாம்:

ஜிசிசி -ஷேர்டு -டபிள்யூஎல்,-சோநேம்,லிப்எழுத்து.எஸ்ஓ.1 -டபிள்யூஎல்,-இசட்,டெஃப்ஸ் -ஓ லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 எழுத்து.ஓ

டபிள்யூ பெரியது, எல் சின்னது. காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் மிச்சப் பகுதியை ஜிசிசி இன்னொரு ஃபைல் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். 'இசட் டெஃப்ஸ்' எதற்கு? ஷேர்டு லைப்ரரி கட்டும்போது ஏதாவது ஃபங்ஷன் எங்கேயும் வரையறுக்கப்படாமல் இருந்தால் லிங்கர் இயல்பாக வாயைத் திறக்காது, ஓடும்போது யாராவது தருவார்கள் என்று விட்டுவிடும். ஒரு எழுத்துப்பிழை அப்படியே வாடிக்கையாளரின் மெஷின்வரை போய்ச் சேரும். இந்த ஆப்ஷன் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும்.

பிறகு சிம்லிங்க்குகள்:

எல்என் -எஸ் லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 லிப்எழுத்து.எஸ்ஓ.1
எல்என் -எஸ் லிப்எழுத்து.எஸ்ஓ.1 லிப்எழுத்து.எஸ்ஓ

சோநேம் சரியாகப் பதிந்ததா என்று ரீட்எல்ஃப் -டி (சின்ன எழுத்து) லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 போட்டு, சோநேம் என்ற வரியைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

## புரோகிராமை இணைப்பது

ஜிசிசி -ஓ எண்ணி எண்ணி.சி -எல். -எல்எழுத்து

முதல் எல் பெரியது. அதோடு ஒட்டிய புள்ளி 'இந்த டைரக்டரியில் பார்' என்கிறது. இரண்டாவது எல் சின்னது. லிப் என்ற முன்ஒட்டையும் .எஸ்ஓ என்ற பின்ஒட்டையும் லிங்கரே சேர்த்துக்கொள்ளும். லைப்ரரி எப்போதும் சோர்ஸ் ஃபைலுக்குப் பின்னால் வர வேண்டும். உபுண்டுவில் 'தேவைப்பட்டால் மட்டும் சேர்' என்ற ஏற்பாடு இயல்பாகவே இருப்பதால், லைப்ரரியை முன்னால் எழுதினால் 'இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை' என்று லிங்கர் அதைக் கழற்றிவிடும். அடுத்த வரியில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வந்து நிற்கும்.

இந்தக் கட்டளை முடிந்ததும் எண்ணி என்ற புரோகிராமுக்குள் என்ன பதிந்தது? ரீட்எல்ஃப் -டி எண்ணி என்று போட்டால் நீடட் என்ற வரியில் லிப்எழுத்து.எஸ்ஓ.1 என்று இருக்கும். அவ்வளவுதான். டைரக்டரி இல்லை, முழு வெர்ஷனும் இல்லை. லைப்ரரியின் வயிற்றிலிருந்து சோநேமை எடுத்து லிங்கர் இங்கே எழுதி வைத்திருக்கிறது. பெரிய எல்லுக்குக் கொடுத்த பாதை அதோடு காற்றில் போயிற்று.

சோநேம் வைக்காத லைப்ரரியை ./லிப்எழுத்து.எஸ்ஓ என்று பாதையோடு கொடுத்து இணைத்தால் நீடட் வரியில் அந்தச் சாய்கோட்டுப் பாதையே அப்படியே பதியும். சாய்கோடு உள்ள பெயரை லோடர் எங்கும் தேடாது, அதையே பாதையாக எடுத்துக்கொள்ளும். விளைவு: அந்த டைரக்டரிக்குள் நின்று ஓட்டினால் ஓடும், ஒரு படி மேலே போய் ஓட்டினால் ஓடாது. 'சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடலை' என்று வரும் புகார்களில் இது ஒரு வகை.

## லோடர் தேடும் வரிசை

சாய்கோடு இல்லாத பெயரென்றால் லோடர் பார்க்கும் இடங்கள் இந்த வரிசையில்:

1. ஆர்பாத். புரோகிராமில் பதிந்த பாதை. ரன்பாத் என்ற புதிய வகையும் கூடவே பதிந்திருந்தால் ஆர்பாத்தை லோடர் கண்டுகொள்ளாது.
2. எல்டி_லைப்ரரி_பாத் (எல்லாம் பெரிய எழுத்து) என்ற சூழல் மாறி.
3. ரன்பாத்.
4. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற கேஷ் ஃபைல்.
5. /லிப், /யுஎஸ்ஆர்/லிப். பல 64-பிட் சிஸ்டங்களில் லிப்64.

புரோகிராம் நிற்கும் டைரக்டரி இந்தப் பட்டியலில் இல்லை. விண்டோஸில் எக்ஸிஇ பக்கத்தில் டிஎல்எல்லை வைத்தால் போதும் என்று பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

ஆர்பாத், ரன்பாத் இரண்டுக்கும் வித்தியாசம் வரிசை மட்டுமல்ல. புரோகிராம் அ, லைப்ரரி ஆ-வைக் கேட்கிறது. ஆ, லைப்ரரி இ-யைக் கேட்கிறது. அ-வில் ஆர்பாத் இருந்தால் இ-யைத் தேடும்போதும் அது செல்லும். அ-வில் இருப்பது ரன்பாத் என்றால் அ நேரடியாகக் கேட்ட ஆ-வுக்கு மட்டுமே செல்லும். இ-யைத் தேடும்போது ஆ-வின் ரன்பாத்தைத்தான் லோடர் பார்க்கும். மூன்று லைப்ரரியும் ஒரே டைரக்டரியில் இருந்தும் மூன்றாவது மட்டும் கிடைக்காமல் போனால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஒவ்வொரு லைப்ரரியிலும் ரன்பாத்தைத் தனித்தனியாகப் பதியுங்கள்.

## எந்த வழியை எடுப்பது

சிஸ்டம் முழுவதும் பயன்படப்போகிற லைப்ரரி என்றால் எல்டிகான்ஃபிக். ஃபைலை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் வைத்து, ரூட்டாக எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டுங்கள். அது சோநேமுக்கான சிம்லிங்க்கைத் தானே போட்டு, கேஷையும் புதுப்பிக்கும். லிங்கர் பெயருக்கான சிம்லிங்க்கை மட்டும் நீங்கள்தான் போட வேண்டும். டெபியன், உபுண்டுவில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே பட்டியலில் உண்டு. ஃபெடோரா, ரெட்ஹேட் குடும்பத்தில் இயல்பாக இல்லை, /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி டைரக்டரிக்குள் .கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் அந்தப் பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக்கை ஓட்ட வேண்டும். கேஷில் ஏறிவிட்டதா என்று எல்டிகான்ஃபிக் -பி (சின்ன எழுத்து) காட்டும். சாதாரண யூசருக்கு டெபியனில் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று வந்தால் /எஸ்பின்/எல்டிகான்ஃபிக் என்று முழுப் பாதையோடு அடியுங்கள்.

புரோகிராமோடு சேர்த்தே கொடுக்கும் லைப்ரரி என்றால் ரன்பாத்தும் ஆரிஜினும். ஆரிஜின் என்பது, அந்த ரன்பாத் பதிந்திருக்கும் ஃபைல் இப்போது எந்த டைரக்டரியில் இருக்கிறதோ அதைக் குறிக்கும் சொல். பின் டைரக்டரியில் எண்ணி, பக்கத்தில் லிப் டைரக்டரியில் லைப்ரரி என்று அடுக்கினால்:

ஜிசிசி -ஓ எண்ணி எண்ணி.சி -எல். -எல்எழுத்து '-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$ஆரிஜின்/../லிப்'

ஆரிஜின் முழுவதும் பெரிய எழுத்து. ஒற்றை மேற்கோள் கட்டாயம். இரட்டை மேற்கோள் போட்டால் அதை ஷெல் ஒரு மாறி என்று நினைத்து வெறுமையாக்கிவிடும், பதிவது /../லிப், அதாவது சிஸ்டத்தின் /லிப். மேக்ஃபைலில் இன்னொரு கண்ணி உண்டு: டாலருக்கு அடுத்த ஒற்றை எழுத்தை மாறியின் பெயராக எடுப்பது மேக்கின் வழக்கம். முதல் எழுத்தான ஓ-வை விழுங்கிவிட்டு மிச்ச ஐந்து எழுத்தை மட்டும் வைக்கும். அங்கே டாலரை இரண்டு முறை எழுதி, சுற்றி ஒற்றை மேற்கோளும் போடுங்கள். இணைத்து முடித்ததும் ரீட்எல்ஃப் -டி போட்டு, பதிந்தது என்ன என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

பழைய ஆர்பாத்தே வேண்டுமென்றால் -டபிள்யூஎல்,--டிஸேபிள்-நியூ-டிடேக்ஸ் சேருங்கள். கட்டி முடித்த பைனரியில் பாதையை மாற்ற பேட்ச்எல்ஃப் என்ற கருவி இருக்கிறது: பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத். சோர்ஸ் கையில் இல்லாதபோது இதுதான் கைகொடுக்கும்.

சிமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பில்டு டைரக்டரியில் இருக்கும்வரை சிமேக் தானாகவே ஆர்பாத் பதித்து வைக்கும். இன்ஸ்டால் செய்யும்போது அதை அழித்துவிடும். 'பில்டில் ஓடியது, இன்ஸ்டால் செய்ததும் ஓடவில்லை' என்றால் சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற மாறியில் பாதையைக் கொடுங்கள்.

மிச்சம் இருப்பது எல்டி_லைப்ரரி_பாத். கட்டிப் பார்க்கும்போது, டெஸ்ட் ஓட்டும்போது வசதிதான். நிரந்தரத் தீர்வாக அதை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதிவைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அந்த ஷெல்லிலிருந்து ஓடும் எல்லா புரோகிராமுக்கும் அது பொருந்தும். உங்கள் டைரக்டரியில் பழைய ஓபன்எஸ்எஸ்எல் ஒன்று கிடந்தால் கர்ல்கூட அதைத்தான் எடுத்துக்கொண்டு விழும். பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸுக்கோ, குறித்த நேரத்தில் ஓடும் கிரான் வேலைக்கோ உங்கள் பாஷ்ஆர்சி போய்ச் சேராது. செட்யூஐடி புரோகிராம்களில், அதாவது யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரருடைய அனுமதியோடு ஓடுபவற்றில், லோடர் இந்த மாறியைக் கண்டுகொள்ளாது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறப்பதற்காக செட்கேப் கட்டளையால் தனி அனுமதி கொடுத்த பைனரிக்கும் இதே கதி. நேற்றுவரை ஓடிய சர்வர் செட்கேப் கொடுத்த நிமிடத்திலிருந்து லைப்ரரி இல்லை என்று சொல்வது இதனால்தான்.

எல்லோரும் எழுதும் ஒரு வரியிலும் ஓட்டை இருக்கிறது. புதிய பாதை, முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்று சேர்ப்பார்கள். பழைய மதிப்பு காலியாக இருந்தால் முக்காற்புள்ளி மட்டும் வாலாக நிற்கும். லோடருக்கு அந்தக் காலி இடம் 'இப்போது நிற்கும் டைரக்டரி' என்று பொருள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய டெம்ப் டைரக்டரியில் நின்று ஒரு கட்டளையை ஓட்டினால், அங்கே வேறொருவர் வைத்த லைப்ரரி உள்ளே வந்துவிடும்.

## கிடைக்கவில்லை என்றால் பார்க்கும் முறை

முதலில் எல்டிடி எண்ணி. ஒவ்வொரு லைப்ரரியும் எங்கிருந்து வருகிறது, எது 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டும். நம்பிக்கையில்லாத பைனரியில் எல்டிடி வேண்டாம். சில சூழல்களில் அது அந்த பைனரியையே ஓட்டிவிடக்கூடும். அதற்கு ஆப்ஜ்டம்ப் -பி (சின்ன எழுத்து) போட்டு நீடட் வரிகளைப் பாருங்கள்.

அதிலும் விளங்காவிட்டால் லோடரையே பேச வைக்கலாம்:

எல்டி_டீபக்=லிப்ஸ் ./எண்ணி

ஈக்குவலுக்கு இடப்பக்கம் பெரிய எழுத்து, வலப்பக்கம் சின்ன எழுத்து. எந்த லைப்ரரியைத் தேடுகிறது, எந்தப் பாதைப் பட்டியலில் தேடுகிறது, அந்தப் பட்டியல் ரன்பாத்திலிருந்து வந்ததா கேஷிலிருந்தா, ஒவ்வொன்றாக எந்த ஃபைலை முயன்றது என எல்லாம் வரிவரியாகக் கொட்டும். அரை மணி நேர யூகத்தைவிட இந்த இருபது வரி மேல்.

பாதை சரியாக இருந்தும் தோற்கும் நேரங்களும் உண்டு. 'ராங் எல்ஃப் கிளாஸ்' என்றால் 32-பிட் லைப்ரரியை 64-பிட் புரோகிராமுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். படிக்கும் அனுமதி இல்லாத ஃபைல், இலக்கு இல்லாமல் தொங்கும் சிம்லிங்க் இரண்டும் அடிக்கடி வருபவை. எல்எஸ் -எல் போட்டாலே தெரியும்.

## புதிய வெர்ஷனை வைப்பது

ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரியின் மேல் சிபி கட்டளையால் புதியதை எழுதாதீர்கள். சிபி பழைய ஃபைலையே காலிசெய்து அதே ஐநோடில் (டிஸ்கில் அந்த ஃபைலின் அடையாளப் பதிவு) எழுதுகிறது. அந்த ஃபைலை மேப் செய்து ஓடும் புராசஸின் காலடியில் கோடு மாறிவிடும். செக்மென்டேஷன் ஃபால்ட்டோ பஸ் எர்ரரோ வந்து விழும். இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது பழையதை நீக்கிவிட்டுப் புது ஃபைல் உருவாக்கும். இல்லையேல் வேறு பெயரில் நகலெடுத்து எம்வி செய்யுங்கள். 1.0.1 என்று புதுப் பெயரிலேயே வைத்து எல்டிகான்ஃபிக் ஓட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே ஓடும் புராசஸ்கள் மறுபடி தொடங்கும்வரை பழைய கோடிலேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சோநேமில் உள்ள 1 எப்போது 2 ஆக வேண்டும்? புது ஃபங்ஷன் சேர்த்தால் மாற்ற வேண்டியதில்லை. ஃபங்ஷனை நீக்கினால், வாங்கும் மதிப்புகளை மாற்றினால், வெளியே தெரியும் ஸ்ட்ரக்டின் அளவை மாற்றினால் மாற்றியே ஆக வேண்டும்.

நம் லைப்ரரியையே எடுத்துக்கொள்வோம். முடிவை நிரப்பித் தரும் ஸ்ட்ரக்டில் பைட்டு எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை என்று இரண்டு இன்ட், மொத்தம் 8 பைட்டு. எண்ணி என்ற புரோகிராம் ஸ்டாக்கில் 8 பைட்டு ஒதுக்கி, முகவரியை அனுப்புகிறது. பிறகு லைப்ரரியில் குறியீட்டுப் புள்ளி எண்ணிக்கை என்று மூன்றாவது இன்ட் சேர்க்கிறோம். பழைய எண்ணி இன்னும் 8 பைட்டுதான் ஒதுக்கும். புது லைப்ரரி 12 பைட்டு எழுதும். கடைசி 4 பைட்டு பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ மாறியின் மேல் ஏறும். 'தமிழ்' என்று கொடுத்தால், சம்பந்தமே இல்லாத ஒரு மாறியில் 5 என்ற எண் வந்து உட்காரும். லோடர் ஒரு பிழையும் காட்டாது, அதற்குப் பெயர் பொருந்தினால் போதும். சோநேமை 2 ஆக்கியிருந்தால் பழைய புரோகிராம் பழைய லைப்ரரியையே எடுத்திருக்கும். இரண்டும் ஒரே டைரக்டரியில் பக்கத்துப் பக்கத்தில் வாழலாம். வெளியிடுமுன் இரண்டு வெர்ஷனையும் ஒப்பிட்டுச் சொல்ல அபிடிஃப் என்ற கருவி இருக்கிறது.

வெளியே காட்ட வேண்டாத ஃபங்ஷன்களை மறைத்துவிடுவது இன்னொரு காப்பு. இயல்பாக, ஸ்டாட்டிக் அல்லாத எல்லாமே வெளியே தெரியும். உங்கள் லைப்ரரிக்குள்ளும் இன்னொரு லைப்ரரிக்குள்ளும் 'இனிட்' என்ற ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால், தேடும் வரிசையில் முதலில் அகப்படுவதே இருவருக்கும் கிடைக்கும். -எஃப்விசிபிலிட்டி=ஹிடன் போட்டு கம்பைல் செய்து, வெளியே தர வேண்டியவற்றை மட்டும் விசிபிலிட்டி டிஃபால்ட் என்று குறியுங்கள். என்எம் -டி (பெரிய எழுத்து) வெளியே தெரியும் பெயர்களைக் காட்டும். அந்தப் பட்டியல் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி.

## வேறு மெஷினுக்குக் கொண்டுபோனால்

'ஜிலிப்சி_2.34 வெர்ஷன் கிடைக்கவில்லை' என்ற பிழைக்கும் பாதைக்கும் தொடர்பில்லை. புதிய சிஸ்டத்தில் கட்டியதைப் பழையதில் ஓட்டுகிறீர்கள். உபுண்டு 22.04-இல் ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. புதியதில் கட்டியது பழையதில் ஓடாது, பழையதில் கட்டியது புதியதில் ஓடும். எனவே ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய சிஸ்டத்தில், அல்லது அதன் கன்டெய்னரில் கட்டுங்கள். ஜிலிப்சி ஃபைலை மட்டும் நகலெடுத்துப் பக்கத்தில் வைக்கும் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். லோடரும் லிப்சியும் ஒரே வெர்ஷனாக இருந்தாக வேண்டும்.

ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் கன்டெய்னரில் இன்னொரு விசித்திரம். எல்எஸ் போட்டால் புரோகிராம் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது, ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்'. இல்லாதது புரோகிராம் அல்ல, லோடர். ஒவ்வொரு பைனரியும் தன்னை ஏற்ற வேண்டிய லோடரின் முழுப் பாதையை உள்ளே வைத்திருக்கும். ரீட்எல்ஃப் -எல் (சின்ன எழுத்து) போட்டால் இன்டர்பிரட்டர் என்ற வரியில் தெரியும். ஜிலிப்சி-க்குக் கட்டியது /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 என்று கேட்கும். ஆல்பைனில் இருப்பது மசல் என்ற வேறு லிப்சி, அதன் லோடர் வேறு பெயரில் இருக்கிறது. ஆல்பைனுக்குள்ளேயே மறுபடி கட்டுங்கள், அல்லது டெபியன் ஸ்லிம் இமேஜுக்கு மாறுங்கள். மசலில் எல்டி.எஸ்ஓ.கேஷும் கிடையாது; கூடுதல் பாதைகளை /இடிசி டைரக்டரியில் எல்டி-மசல் என்று தொடங்கி, புராசசர் பெயரைத் தாங்கி, .பாத் என்று முடியும் ஃபைலில் எழுத வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: அந்த ஃபைலை உருவாக்கினால் அது இயல்பான பட்டியலோடு சேராது, அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். /லிப், /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப், /யுஎஸ்ஆர்/லிப் மூன்றையும் அதில் திரும்ப எழுதிவிட்டு உங்கள் பாதையைச் சேருங்கள்.